நூதனசாலையில் ஒருவரைப் பார்க்கப் போனோம்

1

போன கிழமை பள்ளிக்கூட வாசலில் ஜோயலின் டீச்சர் என்னைப் பிடித்துக்கொண்டார். ஜோயல் என் சின்னவன், ஐந்து வயது. லீவு முடிந்து வந்ததும் இங்கே பிள்ளைகளைப் பாயில் வட்டமாக உட்காரவைத்து, லீவில் என்ன செய்தாய் என்று ஒவ்வொருவராகக் கேட்பார்கள். இவன் எழுந்து நின்று, "நாங்கள் இலங்கைக்குப் போனோம். அங்கே அம்மா நூதனசாலையில் ஒரு மனிதரைப் பார்க்கப் போனா" என்று, நூதனசாலையை மியூசியம் என்று சொல்லி, இங்கிலீஷில் அறிவித்திருக்கிறான்.

டீச்சர் நல்ல மனுஷி. "அப்படியா, மிகவும் சந்தோஷம். அவர் எந்தக் காலத்து மனிதர்? குகையில் கண்டெடுத்தவரா?" என்று உண்மையான அக்கறையோடு கேட்டார்.

எனக்கு வந்த சிரிப்பை அடக்க முடியவில்லை. அவர் கலஹா பஜாரில் மருந்துக்கடை வைத்திருக்கிறவர் என்று சொன்னால் கதை நீளும். "கொஞ்சம் பழைய காலத்து ஆள்தான்" என்று சொல்லிவிட்டுப் பிள்ளையை இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன். கார் வரைக்கும் சிரித்தேன். காருக்குள் உட்கார்ந்த பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

ஊரில் இருந்து இதைப் படிக்கிறவர்களில் பாதிப் பேருக்கு என் அக்கா செலின் தன் பக்கத்துக் கதையை ஏற்கெனவே சொல்லியிருப்பாள். அவளைக் குறை சொல்லவில்லை. என் பக்கத்துக் கதையையும் ஒருவர் சொல்லவேண்டுமே, அதற்காக எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்காக: நான் ரீட்டா. கண்டிக்காரி. அப்பா கலஹாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கிளாக்கர். கல்யாணம் முடித்து சேவியரோடு நியூசிலாந்துக்கு வந்தேன். தெற்குத் தீவில் டனீடன் என்று ஒரு மலை நகரம். வீடுகள் எல்லாம் சரிவில் தொங்கும், காலையில் பனி மூடும், மழை சொல்லாமல் வரும். முதல் வாரம், கண்டியைக் கொண்டுவந்து குளிர்ப்பெட்டிக்குள் வைத்துவிட்டார்கள் என்று நினைத்தேன். ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் எனக்கு வேலை. மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு காலையில் வேலைக்குக் கிளம்பிய சேவியர் காருக்குப் பக்கத்திலேயே சரிந்தார். பிறகு எழுந்திருக்கவில்லை. மூத்தவள் அனிட்டாவுக்கு அப்போது ஆறு வயது, இவன் கைக்குழந்தை மாதிரி. அதற்குப் பிறகு நாங்கள் மூன்று பேர்தான்.

2

எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் இருக்கிறது. முதல் கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வீட்டுக்கு வருவார்கள், கேக்கும் வாழைப்பழமும் தட்டில் வைப்பார்கள், எல்லாம் முறைப்படி நடக்கும். இரண்டாம் கல்யாணம், வயது போன கல்யாணம் என்றால் அப்படிச் செய்யமாட்டார்கள். இரண்டு பக்கமும் ஏதாவது ஒரு பொது இடத்தில் தற்செயலாகச் சந்திக்கவேண்டும். பூந்தோட்டம், ஏரிக்கரை, மாதா கோயில் திருவிழா. பிள்ளைகளைக் கூட்டிப்போவது முக்கியம், பிள்ளைகள்தான் சாட்டு. ஒரு பக்கம் மறுபக்கத்தைக் கண்டதும், "அடடே, நீங்களும் இங்கயா!" என்று ஆச்சரியப்படவேண்டும். எதற்கு வந்தோம் என்று யாரும் வாய் திறந்து சொல்லக்கூடாது. பிறகு வீட்டுக்குப் போய், "இடம் நல்லா இருந்திச்சு" என்றால் சம்மதம். "இடம் பரவாயில்ல, நடக்கத்தான் ரொம்ப இருக்கு" என்றால் வேண்டாம். யாரும் யாரையும் மறுக்கவில்லை, யாருக்கும் முகம் விழவில்லை. எவ்வளவு கெட்டிக்காரத்தனம் பாருங்கள்.

அக்கா போனில் சொன்னது இதுதான்: "ஜூலை லீவுக்கு வாடி. பிள்ளைகளுக்கு ஒன்னும் காட்டல. அந்தப் பேராதனைப் பக்கம் மியூசியம் ஒன்னு இருக்கே, மிருகமெல்லாம் வச்சிருக்குதே, அங்க போவோம்."

"நீ எப்பக்கா மியூசியம் பார்த்த?" என்றேன்.

"ஏன், நா பார்க்கக் கூடாதா? எனக்கும் அறிவு வளரணும்ல."

ஐம்பதை நெருங்குகிற வயதில் செலின் அக்காவுக்கு மிருகங்களைப் பற்றி அறிவு வளர்க்கும் ஆசை வந்தபோதே எனக்கு விளங்கிவிட்டது. விளங்காத மாதிரி டிக்கெட் போட்டேன். ஏன் போட்டேன் என்று கேட்டால், தனியாக இருந்து களைத்துப்போயிருந்தேன். அதைச் சொல்வதில் எனக்கு வெட்கம் இல்லை.

ஒன்றில் மட்டும் உஷாராக இருந்தேன். வெளிநாட்டில் விசாவோடு இருக்கிற பொம்பளையைக் கட்டிக்கொள்ள வருகிறவன் பொம்பளையைப் பார்க்கிறானா, விசாவைப் பார்க்கிறானா என்று நான் கண்டுபிடிக்கவேண்டும். அதற்காக விமானத்தில் வரும்போதே ஒரு பிரசங்கம் தயார் பண்ணினேன். நியூசிலாந்து எவ்வளவு கொடுமையான ஊர் என்று அவருக்குச் சொல்லவேண்டும். பயந்து ஓடினால் விசாக்காரன். அப்படியும் நின்றால் பார்ப்போம்.

பக்கத்து சீட்டில் அனிட்டா வேறு கேள்வி கேட்டுக்கொண்டே வந்தாள். கண்டியில் பொம்பளைப்பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்கு என்ன கலர் கழுத்துப்பட்டி, அங்கே நீச்சல் இருக்கிறதா, மழையில் எப்படிப் போவார்கள். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு ஊர் மேல் இவ்வளவு ஆசையா என்று எனக்கு ஆச்சரியம்.

3

அக்கா வீடு கடுகண்ணாவையில். அத்தான் அங்கே ஆணியும் பெயின்ட்டும் விற்கிற கடை வைத்திருக்கிறார். போய் இறங்கியதிலிருந்து எனக்குப் பாதித் தூக்கம்தான். ஊரில் மத்தியானம் என்றால் எங்களுக்கு அங்கே படுக்கப்போகிற நேரம். பேசுகிறவர்களின் குரல் தண்ணீருக்கு அடியிலிருந்து வருகிற மாதிரிக் கேட்கும். கணவாயில் ரயில் ஏறுகிற சத்தமும், ரோட்டில் லொறிகள் மூச்சு வாங்குகிற சத்தமும், பக்கத்து விகாரையில் பிக்குகள் ஓதுகிற பிரித்தும் ஒன்றோடொன்று கலந்து, நான் கண்டியில் இருக்கிறேனா, கண்டியைக் கனவு காண்கிறேனா என்று தெரியாமல் இரண்டு நாள் போனது.

அனிட்டாதான் எல்லோரையும் அசத்தினாள். டனீடனில் தமிழ் பேசச் சொன்னால் தோளைக் குலுக்குகிறவள், இங்கே வந்து, "பெரியம்மா, எனக்கு உதவி செய்ய விருப்பம்" என்று அச்சடித்த தமிழில் கேட்டுக்கொண்டு குசினிக்குள் நின்றாள். கொடுத்ததெல்லாம் சாப்பிட்டாள். கண்ணில் தண்ணீர் வர வர, "ருசியா இருக்கு" என்றாள்.

"ரத்தம் பேசுதுடி" என்று அக்கா பூரித்துப்போனாள். எனக்கும் பெருமைதான்.

சனிக்கிழமை அத்தானின் வேனில் புறப்பட்டோம். தூறல். பிலிமத்தலாவை தாண்டும்போது அக்கா கண்ணாடியில் என்னைப் பார்த்து, "அந்தப் பச்சை சட்டையே போட்டிருக்கலாம்" என்றாள். "மிருகங்களைப் பார்க்க எதுக்குக்கா பச்சை சட்டை?" என்றேன். அத்தான் ரோட்டைப் பார்த்துக்கொண்டே சிரித்தார்.

பேராதனையைத் தாண்டி, மலைப்பக்கமாக ஏறுகிற ஒரு சின்ன ரோட்டின் முடிவில் அந்த நூதனசாலை இருந்தது. பழைய கட்டிடம், உயரமான கதவு, உள்ளே அரை இருட்டு, நாப்தலின் உருண்டை வாசம். அத்தான் கிரிக்கெட் கேட்க வேனிலேயே தங்கிவிட்டார்.

வாசலில் ஜோயல் உட்கார்ந்து சப்பாத்தைக் கழற்றிவிட்டான். அவனைச் சொல்லிக் குற்றம் இல்லை. வந்த நாளிலிருந்து அவனைக் கூட்டிப்போன இடமெல்லாம் கழற்று கழற்று என்றுதான் சொன்னோம். கட்டுக்கலைப் பிள்ளையார் கோயில், தலதா மாளிகை, சொந்தக்காரர் வீடுகள். பெரிய கதவு, இருட்டு, அமைதி, எல்லோரும் மெதுவாகப் பேசுகிறார்கள். அவன் கணக்கில் இதுவும் ஒரு கோயில். தவிர, டனீடனில் பிள்ளைகள் சூப்பர் மார்க்கெட்டுக்கே வெறுங்காலோடு வருகிறவர்கள், அவனுக்குச் சப்பாத்துக் கழற்ற ஒரு சாட்டு போதும்.

அவன் கழற்றியதைப் பார்த்து, அவனுக்குப் பக்கத்தில் நின்ற வேறொரு பையனும் செருப்பைக் கழற்றினான். அதைப் பார்த்து, பின்னால் வந்த ஒரு பெரிய சிங்களக் குடும்பம் முழுக்கக் கழற்றியது. பாட்டன், பேத்தி, மருமகள் எல்லோரும். ஒரு நிமிடத்தில் நூதனசாலை வாசலில் திருவிழாவுக்கு வந்த மாதிரி செருப்புக் குவியல். டிக்கெட் கிழிக்கிற அம்மா ஓடிவந்து, "அனே, கழற்ற வேண்டியதில்லை, கழற்ற வேண்டியதில்லை" என்று சிங்களத்தில் சொல்லித் தலையில் கைவைத்தார்.

அந்த இரண்டாவது பையனின் செருப்பைக் குனிந்து தேடிக்கொண்டிருந்தவரிடம், "அடடே! பெனடிக்ட் தம்பி! நீங்களும் இங்கயா!" என்றாள் அக்கா. மண்டபம் முழுக்க எதிரொலித்தது.

அவர் நிமிர்ந்தார். ஒல்லியான மனுஷர், காதோரம் நரை, ஒரு கையில் குடை, மறு கையில் ஒற்றைச் செருப்பு. ஆச்சரியப்படவேண்டும் என்று அவருக்கும் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். ஆனால் வரவில்லை. "ஆமாங்க. இந்த... மியூசியம்" என்றார்.

"பிள்ளையோட வந்தீங்களா?" என்றாள் அக்கா.

"தங்கச்சி மகன். கெவின்."

கெவினுக்கு ஆறு வயது இருக்கும். அவன் எங்கள் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "மாமா ஐஸ்கிரீம் வாங்கித் தர்றேன்னுதான் என்னைய கூட்டிக்கிட்டு வந்தாரு. தனியா வந்தா நல்லா இருக்காதாம்" என்று தெளிவாகச் சொன்னான்.

எனக்கு அடக்க முடியாமல் சிரிப்பு வெடித்தது. என் சிரிப்பு பெரிய சிரிப்பு, ஊரில் தெரியும். உயரமான கூரையில் பட்டுத் திரும்பி வந்தது. சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டேன். புருஷன் போனவள் பொது இடத்தில் இப்படிச் சிரித்தால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள் என்பது உடம்புக்கே பழகியிருந்தது.

"எதுக்குங்க பொத்துறீங்க? நல்லா சிரிங்க" என்றார் அவர். பாடம் பண்ணிக் கண்ணாடிப் பெட்டிக்குள் நிறுத்தியிருந்த கரடியைக் காட்டினார். "இங்க யாரும் எந்திரிக்கப் போறதில்ல."

எனக்கு அவரைப் பிடித்தது அந்த இடத்தில்தான்.

4

உள்ளே நடந்தோம். அக்கா, "எனக்கு முழங்கால் வலி, நீங்க பாருங்க" என்று முதல் கதிரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அறிவு வளர்க்க வந்தவள் ஒரு முயலைக்கூடப் பார்க்கவில்லை.

மழை கண்ணாடி ஜன்னல்களில் வழிந்துகொண்டிருந்தது. அந்த வெளிச்சம் அசைந்து அசைந்து மிருகங்களின் மேல் விழ, சிறுத்தை மூச்சு விடுகிற மாதிரித் தெரிந்தது. மரை மான் ஒன்று தலையைத் தூக்கி, யாரோ கூப்பிட்டதைக் கேட்ட மாதிரியே நின்றது. எனக்குத் தூக்கக் கலக்கம் வேறு. அங்கே என் உடம்புக்கு நேரம் வேறு, கண்ணுக்கு நேரம் வேறு. யானையின் எலும்புக்கூட்டுக்குக் கீழே இரண்டு பையன்களும் புகுந்து புகுந்து ஓடினார்கள். ஒருவனுக்கு இங்கிலீஷ், ஒருவனுக்குத் தமிழ். ஆளுக்கொரு பாஷையில் கத்தி, ஒன்றும் குறையில்லாமல் விளையாடினார்கள்.

அவருக்கு மிருகங்களைப் பற்றி ஒன்றும் தெரியாது. அதை மறைக்கவும் இல்லை. அழுங்கைப் பார்த்து, "இது என்னாங்க, பலாப்பழத்துக்கு வால் மொளச்ச மாதிரி?" என்றார். பெயர்ப்பலகையைப் படித்துவிட்டு, "அழுங்காம். பேரும் அழுதுக்கிட்டே இருக்கு" என்றார். நான் மறுபடியும் சிரித்தேன், இந்த முறை வாயைப் பொத்தவில்லை.

அனிட்டா அவரிடம் தானாகவே போய்க் கைகொடுத்தாள். "நான் அனிட்டா. உங்கட கடையில ஸ்டிக்கர் இருக்கா?" பிறகு, கேட்காமலே, "அம்மா நல்லாச் சமைப்பா" என்றாள். எனக்கு முகம் சூடாகிப்போனது. புது ஆட்களிடம் முகம் கொடுக்காத பிள்ளை, அவரிடம் கலஹாவில் மழை எப்படி, பள்ளிக்கூட வேன் எத்தனை மணிக்கு என்று விசாரித்தாள். அவர் ஒவ்வொன்றுக்கும் பெரிய ஆளுக்குச் சொல்கிற மாதிரி நின்று பதில் சொன்னார்.

ஒரு பெட்டியின் கண்ணாடியில் எங்கள் இரண்டு பேரின் முகமும் பக்கத்துப் பக்கத்தில் தெரிந்தது. உள்ளே ஒரு சோடிக் கொக்கு. நான் என் தலைமுடியைச் சரிபண்ணினேன். அவர் அதைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் பார்த்தார். முப்பத்தொன்பது வயதில் ஒருவருக்காகத் தலைமுடியைச் சரிபண்ணுவேன் என்று நான் எதிர்பார்க்கவே இல்லை. சேவியரை நினைத்தேன். அவர் இருந்திருந்தால் இந்த நிலைமையைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்திருப்பார் என்று பட்டது. அதனால் குற்றமாகத் தோன்றவில்லை.

5

வண்ணத்துப்பூச்சி அறையில் ஒரு நீளமான வாங்கு இருந்தது. உட்கார்ந்தோம். பையன்கள் யானையிடம். அனிட்டா கண்ணாடி மேசைகளின் மேல் குனிந்து, வண்ணத்துப்பூச்சிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போனாள்.

"ஒன்னு சொல்லலாங்களா?" என்றார் பெனடிக்ட். "வீட்டுக்குப் போயி இடம் நல்லா இருந்திச்சு, இல்லன்னு அக்காகிட்ட சொல்லிவிடுறதெல்லாம் எனக்குச் சரியா வராது. நேராவே பேசுவோமா?"

எங்கள் ஆட்களில் ஒரு ஆம்பிளை இப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை. சரி என்றேன். உடனே என் பிரசங்கத்தை எடுத்துவிட்டேன்.

வெளிநாட்டில் இருக்கிற எங்கள் எல்லோருக்கும் அது மனப்பாடம். குளிர் எலும்புக்குள் போகும் என்றேன். அஞ்சு மணிக்கே இருட்டிவிடும், மனுஷ முகம் பார்க்க முடியாது, பக்கத்து வீட்டில் யார் செத்தாலும் தெரியாது. படிப்புக்கும் வேலைக்கும் சம்பந்தம் இருக்காது. தட்டுக் கழுவித்தான் நான் பிழைக்கிறேன். பிள்ளைகள் தமிழை மறக்கிறார்கள், கேட்டால் முறைக்கிறார்கள். பிள்ளைகளுடைய படிப்புக்காகத்தான் அங்கே கிடக்கிறேன், இல்லாவிட்டால் என்றைக்கோ ஓடி வந்திருப்பேன். இந்தக் கடைசி வரியைச் சொல்லும்போது வழக்கம்போல மூக்கைக்கூட உறிஞ்சினேன்.

அவர் பயப்படவில்லை. விசா என்ற சொல்லே அவர் வாயிலிருந்து வரவில்லை. முழுக்கக் கேட்டுவிட்டு, "அக்காவும் இதத்தான் சொன்னாங்க" என்றார். "அப்ப வந்துருங்க."

"எங்க?"

"இங்கதான். நா அங்க வர்றதா இல்லீங்க. அத மொதல்லயே சொல்லிடணும். காலையில கடையத் தொறந்தா மொத பஸ்ஸு டிரைவர் வந்து நின்னு பிளேன்டீ கேப்பாரு. மருந்துக்கடையில பிளேன்டீ! நா போட்டுக் குடுப்பேன். அப்புறம் தோட்டத்து ஆளுங்க வருவாங்க, மருந்து வாங்க பாதிப் பேரு, பேச பாதிப் பேரு. எனக்கு அது பிடிச்சிருக்குங்க. மூணு தங்கச்சிகளக் கட்டிக் குடுத்து, இப்பத்தான் என் காலுல நா நிக்கிறேன். ஆனா நீங்க அங்க கஷ்டப்படுறீங்கன்னு கேட்டப்ப, கடைக்கு மேல ரெண்டு ரூம் இருக்குதே, நம்ம ரூமெல்லாம் சும்மாதானே கெடக்குதுன்னு தோணிச்சு. மகளுக்குக் கண்டியில நல்ல பள்ளிக்கூடம் இருக்கு, தங்கச்சிகிட்ட விசாரிச்சேன். சின்னவர் நம்ம கெவினோட போகலாம்."

எல்லாம் யோசித்து வைத்திருந்தார். எங்கள் மூன்று பேருக்கும் இடம் ஒழித்து வைத்திருந்தார். நல்ல மனுஷர், எனக்குப் பிடித்த மனுஷர், நான் வருஷக்கணக்காகப் போனில் கேட்டு அழுததையே இரண்டு கையாலும் எடுத்து நீட்டுகிறார். ஆமாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

கூரையில் மழை கேட்டது. எனக்குக் கண்ணுக்குள் டனீடன் வந்து நின்றது. காலையில் என்னுடைய சின்னக் காரில் மலை ரோட்டில் இறங்குவேன். ஒரு வளைவில் திரும்பியதும் கீழே கடல் முழுக்கத் தெரியும். அந்த இடத்தில் தினமும் சத்தமாகப் பாடுவேன், கேட்க ஆள் இல்லை.

"எனக்கு அங்க இருக்கப் பிடிச்சிருக்கு" என்றேன்.

அதைச் சொன்னது நான்தானா என்று எனக்கே திகைப்பு. அவரும் திகைத்துப்போய்ப் பார்த்தார்.

"நெசமாத்தான். இவ்வளவு நேரம் நா சொன்னதெல்லாம் பொய்யில்ல. குளிர்தான், தட்டுக் கழுவுறதுதான். ஆனா எனக்குப் பிடிச்சிருக்கு. இப்பத்தான் எனக்கே தெரியுது. எங்க இல்லத்துல ஒரு வெள்ளக்காரத் தாத்தா, நா வச்ச பருப்புக் கறிய மட்டும்தான் தட்டு வழிச்சுச் சாப்பிடுவாரு. நா வராத நாள்ல சண்ட போடுவாரு. அங்க நா பனியில காரெடுத்துக்கிட்டு எங்க போறேன்னு யாரும் கேக்கமாட்டாங்க. இங்க வந்து சிவப்புச் சட்ட போட்டா நாலு பேரு பாக்குறாங்க. அங்க நா என்னத்தப் போட்டாலும் குளிருக்குப் போட்டான்னு நெனக்கிறாங்க. இங்க எந்த வீட்டுக்குப் போனாலும் 'பாவம் ரீட்டா'. அங்க நா வெறும் ரீட்டா. எனக்கு அது வேணும்."

அவர் சிரித்தார். பிறகு குடையின் கைப்பிடியைத் திருப்பிக்கொண்டிருந்தார்.

"பிடிச்ச ஊர விட்டுட்டு வாங்கன்னு நா எப்பிடிங்க கேக்குறது? நானே வரமாட்டேங்கிறேனே" என்றார்.

அந்த நிமிடத்தில் அவர் வருகிறேன் என்று சொல்லியிருந்தால் நான் அங்கேயே கையைப் பிடித்திருப்பேன். வா என்று நான் கேட்டிருந்தால் அவர் என்ன சொல்லியிருப்பாரோ தெரியாது. நான் கேட்கவில்லை. அந்தப் பஸ் டிரைவரின் பிளேன்டீயை அவரிடமிருந்து பிடுங்க எனக்கு மனம் வரவில்லை. இரண்டு பேரும் வாங்கில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து, எதிரே பெட்டியில் விரித்துக் குத்தியிருந்த நீல வண்ணத்துப்பூச்சிகளைப் பார்த்துக்கொண்டிருந்தோம். எனக்கு அழுகை வந்தது, அவருக்குத் தெரிந்தது. ஒரு கைலேஞ்சியை எடுத்து எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் வைத்தார்.

நிமிர்ந்தபோது அனிட்டாவைக் கண்டேன். கண்ணாடி மேசையின் மேல் குனிந்தபடி, அசையாமல் நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக அங்கே நின்றாளோ. அவளுடைய தமிழுக்கு இதெல்லாம் விளங்கியிருக்காது என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

மூன்று பிள்ளைகளுக்கும் அவரே ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தார். கெவின் மாமாவின் கையைக் கடித்துச் சண்டை பிடித்து இரண்டாவதும் வாங்கினான். பேராதனைச் சந்தி வரைக்கும் எங்கள் வேனிலேயே வந்தார்கள், அங்கே கலஹா பஸ் வந்தது. ஏறும் முன்னால் பெனடிக்ட் திரும்பி, "பனியில காரப் பாத்து ஓட்டுங்க" என்றார். பஸ் புகையைக் கக்கிக்கொண்டு மழைக்குள் போய்விட்டது.

6

வேன் கிளம்பியதுதான் தாமதம், அக்கா முன் சீட்டிலிருந்து திரும்பினாள்.

"என்னடி, இடம் எப்பிடி?"

"அக்கா, அவர் ரொம்ப நல்ல மனுஷன். எனக்குப் பிடிச்சிருக்கு. ஆனா நா இங்க வரமாட்டேன், அவரு அங்க வரமாட்டாரு. முடிஞ்சுது."

இவ்வளவு பச்சையாக யாரும் அக்காவிடம் பேசியதில்லை. அவள் பேயறைந்த மாதிரி பார்த்தாள்.

"வரமாட்டியா? நீதானடி ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும் போன்ல அழுவ, வரணும் வரணும்னு?"

"இப்ப தெரியுது, எனக்கு அந்த ஊர் பிடிச்சிருக்குக்கா."

"அப்ப இத்தன வருசமா அழுதது?"

"உன் கொரலக் கேட்டா அழுகை வருது. நீ இல்லாத குறைதான் எனக்கு அங்க. அதத்தான் ஊரு ஊருன்னு சொல்லியிருக்கேன்போல."

"நா மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்தி... அந்தத் தம்பிகிட்ட கெஞ்சி..." அக்காவின் குரல் உடைந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கண்ணாடியில் அவள் கண்ணைத் துடைப்பது தெரிந்தது. என் அக்காவுக்கு மிருகமும் தெரியாது, நூதனசாலையும் தெரியாது. நான் பக்கத்தில் வந்து இருக்கவேண்டும், அவ்வளவுதான் அவளுடைய ஆசை. அதை நான்தான் வருஷக்கணக்காக வளர்த்துவிட்டேன்.

அத்தான் ரேடியோவைக் குறைத்தார். வேன் பிலிமத்தலாவையைத் தாண்டியது. பனி இறங்கி, முன்னால் போகிற லொறியின் சிவப்பு விளக்கு மட்டும் தெரிந்தது. ஜோயல் என் மடியில் தூங்கிப்போனான். எனக்கும் கண் சொக்கியது.

"அம்மா." அனிட்டா என் கையைத் தொட்டாள். "அந்த அங்கிள்கிட்ட சொன்னது உண்மையா?"

"எது?"

"நம்மட டனீடன் ஊர் பிடிக்கும்னு."

விளங்கியிருக்கிறது. "உண்மைதான் கண்ணு" என்றேன்.

அவள் யோசித்தாள். தமிழில் தொடங்கி, தமிழ் போதாமல் இங்கிலீஷுக்குப் போய், மறுபடி தமிழுக்கு வந்து சொன்னாள்: போனில் பெரியம்மாவிடம் நீங்கள் பேசுவதை ரூமிலிருந்து கேட்பேன். பிள்ளைகளுக்காகத்தான் டனீடனில் கிடக்கிறேன் என்று சொல்வீர்கள். அழுவீர்கள். ஆகவே நான் விமானத்தில் முடிவு பண்ணினேன். இங்கே எல்லாம் எனக்குப் பிடிக்கும் என்று சொல்வேன். பிறகு குசினியில் பெரியம்மா அந்த அங்கிளைப் பற்றிச் சொன்னதும், அவருக்கும் நம்மைப் பிடிக்கவைக்க நினைத்தேன். அப்போது நீங்கள் ஊருக்கு வந்துவிடலாம்.

"நானும் ஜோயலும் உங்கள அங்க பிடிச்சு வச்சிருக்கோம்னு நெனச்சேன்" என்றாள்.

தமிழ் தெரியாது, ஒட்டமாட்டேன் என்கிறாள், எங்கேயோ விலகிப் போகிறாள் என்று ஊரெல்லாம் புலம்பினேனே, அந்தப் பிள்ளை சுவருக்கு அந்தப் பக்கம் இருந்து நான் சொன்ன ஒவ்வொரு சொல்லையும் தமிழில் கேட்டு, நம்பி, தலையில் தூக்கிக்கொண்டு திரிந்திருக்கிறாள். ஒன்பது வயசு. அவளை இழுத்து அணைத்துக்கொண்டேன்.

"இல்ல கண்ணு. யாரும் என்னைப் பிடிச்சு வைக்கல. எனக்காகத்தான் இருக்கேன். எனக்குப் பிடிச்சுத்தான் இருக்கேன்."

"சத்தியமா?"

"மாதா மேல சத்தியமா."

அவள் வெகுநேரம் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு அவள் தோள் இரண்டும் இறங்கின.

"அப்ப ஒன்னு சொல்லலாமா? இங்க கொசு எனக்குப் பிடிக்கல. பாத்ரூம் தண்ணி ஐஸ். சேவல் எல்லா நேரமும் கத்துது. எனக்கு வீட்டுக்குப் போகணும்."

முன் சீட்டில் அக்கா மெதுவாகத் திரும்பினாள். அழுது வீங்கிய கண்ணோடு என்னையே பார்த்தாள், நான் என்ன சொல்லப்போகிறேன் என்று.

"எனக்கும்தான் கண்ணு" என்றேன்.